தோற்ற திருத்தங்கள், நிலைத்த பதிவுகள்: நாடாளும் அவைகளில் காயிதே மில்லத்

ஒரு சபையில் ஒருவர் ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறார். வாக்கெடுப்பில் அது தோற்றுவிடுகிறது. அத்துடன் அவருடைய முயற்சி வீணாயிற்று என்றே பெரும்பாலோர் கருதுவர். ஜமாஅத்தின் பொதுக்குழுவானாலும் நாட்டின் நாடாளுமன்றமானாலும் இந்த எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆயினும் தீர்மானப் புத்தகத்தை ஒழுங்காக எழுதி வைக்கும் ஜமாஅத்துகளில், பல்லாண்டுகள் கழித்து ஒரு வழக்கோ வாதமோ எழும்போது, அன்று தோற்றவர் என்ன காரணம் சொன்னார், அதற்கு என்ன பதில் அளிக்கப்பட்டது என்பதையே முதலில் தேடிப் பார்க்க நேரிடுகிறது.

கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் எம். முஹம்மது இஸ்மாயில் சாகிப் அவர்களின் எளிமையையும் நேர்மையையும் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அவர் அவைகளில் என்ன பேசினார், எந்தத் திருத்தத்தை முன்மொழிந்தார், அதற்கு எதிர்தரப்பு என்ன பதில் கூறியது என்பதை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. புகழுரைகளை ஒருபுறம் வைத்துவிட்டு, விவாதப் பதிவுகளில் உள்ளவற்றை நம் ஜமாஅத்தார் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிர்வரிசையில் அமர்ந்தவர்

1896 ஜூன் 5-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தவர் இஸ்மாயில் சாகிப். ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் கல்லூரிப் படிப்பைத் துறந்தார். 1946-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் சென்னை மாகாணச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். அன்றைய சென்னை மாகாணத்தில் நமது கோயமுத்தூர் மாவட்டமும், வாளையாருக்கு அப்பால் இருந்த மலபார் மாவட்டமும் ஒரே ஆட்சியின்கீழ் அடுத்தடுத்து இருந்தன என்பதை இளைய தலைமுறையினர் நினைவிற்கொள்ள வேண்டும்.

நாடு பிரிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய முஸ்லிம் லீக் கவுன்சில், இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்பு என்று முடிவு செய்தது. இந்தியப் பகுதிக்குப் பொறுப்பேற்ற இஸ்மாயில் சாகிப், 1948 மார்ச் 10-ஆம் நாள் சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். கட்சியைக் கலைத்துவிடுவதே நல்லது என்று நண்பர்களும் அறிவுரை கூறிய காலம் அது. பிரிவினையின் குருதி உலரவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் காந்தியடிகள் கொல்லப்பட்டிருந்தார்; செப்டம்பரில் ஹைதராபாத்தில் இராணுவ நடவடிக்கை நடந்தது. முஸ்லிம் ஒருவர் எழுந்து கோரிக்கை ஒன்றை வைத்தாலே அவரது நாட்டுப்பற்று ஐயுறப்பட்ட அந்தச் சூழலில்தான் அவர் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார்.

அந்தச் சபையில் நமது வட்டாரத்தைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம், சி. சுப்பிரமணியம் ஆகிய இருவரும் காங்கிரஸ் வரிசையில் இருந்தனர். சபையின் மிகப் பெரும்பான்மை காங்கிரசிடமே இருந்தது. கட்சிக் கூட்டத்தில் முன்கூட்டியே முடிவான ஒரு விதியை, வெளியிலிருந்து வரும் ஒரு திருத்தத்தால் மாற்றுவது அரிது. இதை அறிந்தே அவர் எழுந்து பேசினார்.

1948 நவம்பர் 23

அன்று சபையின் முன் இருந்தது அரசியல் சட்ட வரைவின் 35-ஆம் விதி. நாடு முழுமைக்கும் ஒரே சிவில் சட்டம் அமைய அரசு முயல வேண்டும் என்பது அதன் சாரம். இன்று அது 44-ஆம் விதியாக இருக்கிறது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றில் ஒவ்வொரு சமுதாயமும் பின்பற்றும் தனியார் சட்டத்தின் எதிர்காலம் அந்த விதியில் அடங்கியிருந்தது.

இஸ்மாயில் சாகிப் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். தனக்கெனத் தனியார் சட்டம் உள்ள எந்த ஒரு குழுவோ, பிரிவோ, சமுதாயமோ அதனைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும் என்பதே அது. இத்திருத்தத்தில் முஸ்லிம் என்ற சொல்லே இல்லை. ‘எந்த ஒரு குழுவும்’ என்று பொதுவாகவே அவர் எழுதியிருந்தார். தம் சமுதாயத்துக்கு மட்டும் ஒரு சலுகையைக் கேட்காமல், எல்லாச் சமுதாயங்களுக்கும் பொருந்தும் ஒரு நெறியை அவர் கேட்டார்.

அவரது வாதம் மூன்று படிகளில் அமைந்தது. தனியார் சட்டம் ஒரு மக்களின் வாழ்க்கை முறையில் ஒரு பகுதி. அது அவர்களின் சமயத்தோடும் பண்பாட்டோடும் பிணைந்தது. தலைமுறை தலைமுறையாகக் கைக்கொண்ட ஒன்றில் அரசு கைவைப்பது, அவர்களின் வாழ்வில் குறுக்கிடுவதற்கு ஒப்பாகும். மேலும் இது உலகில் புதுமையன்று. முதல் உலகப் போருக்குப் பின் உருவான செர்பிய, குரோட்டிய, ஸ்லோவீனிய அரசு, அதாவது பிற்காலத்து யுகோஸ்லாவியா, குடும்பச் சட்டத்தில் முஸ்லிம்களின் வழக்கத்தை மதிப்பதாக உடன்படிக்கையில் ஏற்றுக்கொண்டதை அவர் சான்றாக எடுத்துக் காட்டினார். ஓர் ஐரோப்பிய உடன்படிக்கையின் வாசகத்தைத் தேடிப் படித்து வந்து சபையில் வைத்திருக்கிறார் என்பதிலிருந்தே, பேசுவதற்கு முன் அவர் மேற்கொண்ட உழைப்பு விளங்கும்.

அவரைத் தொடர்ந்து நஸீருத்தீன் அஹ்மத், மஹ்பூப் அலீ பேக், மலபாரின் பி. போக்கர் சாகிப் ஆகியோர் தத்தம் முறையில் இதே கருத்தை வலியுறுத்தினர். எதிர்த்துப் பேசியவர்களும் எளியவர்கள் அல்லர். கே.எம். முன்ஷி, அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இறுதியில் சட்ட அமைச்சர் டாக்டர் அம்பேத்கர். வாக்கெடுப்பில் திருத்தங்கள் அனைத்தும் தோற்றன. விதி அன்றே நிறைவேறியது.

பதிலாகக் கிடைத்த உறுதி

வாக்கெடுப்பில் தோற்றாலும் அந்த நாள் வெறுங்கையோடு முடியவில்லை. அம்பேத்கர் தம் பதிலில் ஒரு வழியைக் கூறினார்: வருங்கால நாடாளுமன்றம் இத்தகைய சட்டத்தைத் தொடங்கும்போது, அதற்குக் கட்டுப்படுவதாகத் தாமே அறிவிப்போருக்கு மட்டும் அது பொருந்தும் என்று ஏற்பாடு செய்யலாம், தொடக்கத்தில் அது விருப்பத்தின் அடிப்படையில் அமையலாம். திருத்தம் முன்மொழியப்படாதிருந்தால் இந்த விளக்கம் சபையின் பதிவில் ஏறியிருக்க வாய்ப்பில்லை. பொது சிவில் சட்டம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இன்றுவரை சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டும் வாசகம் இதுவே.

இஸ்மாயில் சாகிப் அத்துடன் நிற்கவில்லை. அடுத்த சில நாட்களிலேயே அடிப்படை உரிமைகள் பற்றிய விதிகள் வந்தபோது, தனியார் சட்டத்தைப் பின்பற்றும் உரிமையையும் அவற்றுள் சேர்க்க வேண்டும் என்று மீண்டும் திருத்தம் கொண்டுவந்தார். டிசம்பர் 2-ஆம் நாள் அம்பேத்கர் அதற்கு மறுமொழி கூறினார். இப்படி ஒரு காப்பு வாசகம் இடம்பெற்றால் சமூகச் சீர்திருத்தச் சட்டம் எதையும் சட்டமன்றங்கள் இயற்ற முடியாமற்போகும் என்பது அவர் கூறிய காரணம். அதே மூச்சில், அரசுக்கு அதிகாரம் இருப்பதனாலேயே அது உடனே அதனைப் பயன்படுத்தும் என்று பொருளாகாது என்றும், பல்வேறு சமுதாயங்களின் உணர்வோடு இணங்கியே எந்த அரசும் நடக்க வேண்டியிருக்கும் என்றும், முஸ்லிம் சமுதாயத்தைக் கொந்தளிக்கச் செய்யும் வகையில் நடக்கும் அரசு அறிவிழந்த அரசாகவே இருக்கும் என்றும் கூறினார். இரண்டாம் முறையும் திருத்தம் தோற்றது. இரண்டாம் முறையும் ஒரு விளக்கம் பதிவாயிற்று.

எதிர்தரப்பு சுட்டிய குறை

அந்த விவாதத்தில் நமக்குச் சுவையாக இல்லாத ஒரு பகுதியும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. முஸ்லிம் சட்டம் இந்தியா முழுவதும் என்றென்றும் மாறாமல் ஒரே சீராக இருந்து வந்தது என்ற கூற்றை அம்பேத்கர் மறுத்தார். வடமேற்கு எல்லை மாகாணத்தில் 1935 வரை முஸ்லிம்கள் வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தையே பின்பற்றினர். 1937 வரை ஐக்கிய மாகாணங்கள், மத்திய மாகாணங்கள், பம்பாய் போன்ற பகுதிகளிலும் பெருமளவு அவ்வாறே இருந்தது. வடமலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களுக்கும் பொருந்தியது என்று அவர் அடுக்கினார்.

இந்த வாதத்தின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை நாம் சிந்திக்க வேண்டும். ஷரீஅத் எங்கள் உயிர் என்று அவையில் ஒருவர் கூறும்போது, உங்கள் ஊர்களில் அதைப் பின்பற்றுகிறீர்களா என்று மற்றொருவர் கேட்க முடிந்தது. அக்கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் இயற்றிய 18-ஆம் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே நமது மாநிலத்தில் தோட்டமும் காடும் வயலும் ஷரீஅத் பங்கீட்டுக்கு உட்பட்டவையே. கிணற்றுப் பாசனத் தோட்டங்களும் தறிக்கூடங்களும் நிறைந்த நம் கொங்கு மண்ணில், மகளுக்குச் சீர்வரிசை செய்தாயிற்று, பங்கு எதற்கு என்று கேட்கும் வழக்கம் நம்மவரிடையேயும் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? நகையும் சீரும் தந்தை மகிழ்ந்து அளிப்பவை; வாரிசுப் பங்கு குர்ஆன் வகுத்துக் கொடுத்த உரிமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

தனியார் சட்டத்தைக் காக்க அவையில் ஒருவர் வாதாடினார். அந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கும் பொறுப்பு ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறது. மகளின் பங்கை மறுக்கும் வீட்டார், அந்த அவையில் எழுப்பப்பட்ட எதிர்வாதத்துக்குத் தாமே சான்று தருகின்றனர்.

1949 மே: தனித்தொகுதி விவாதம்

சிறுபான்மையோருக்குச் சட்டமன்றங்களில் இட ஒதுக்கீடு வேண்டாம் என்று சர்தார் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழு முடிவெடுத்தது. 1949 மே 25, 26 ஆகிய நாட்களில் அது சபையின் முன் வந்தபோது, இட ஒதுக்கீடும் தனி வாக்காளர் தொகுதியும் தொடர வேண்டும் என்று இஸ்மாயில் சாகிப் திருத்தம் முன்மொழிந்தார். ஒரு சமுதாயத்தின் தேவையை அந்தச் சமுதாயத்தின் நம்பிக்கையைப் பெற்றவரே எடுத்துரைக்க முடியும் என்பது அவரது வாதம்.

இதில் முஸ்லிம் உறுப்பினர்கள் ஒருமனத்தோடு இல்லை. ஐக்கிய மாகாணங்களின் பேகம் ஐஜாஸ் ரஸூல், தனித்த ஏற்பாடுகள் சிறுபான்மையோரைப் பெரும்பான்மையோரிடமிருந்து என்றென்றைக்கும் பிரித்துவைக்கும், அது தம்மையே அழிக்கும் ஆயுதம் என்று எதிர்த்தார். பட்டேலின் மறுமொழி கடுமையாக இருந்தது. நாட்டைப் பிரித்த கோரிக்கையை மீண்டும் எழுப்புவதாகவே அவர் அதனைக் கண்டார். திருத்தம் தோற்றது.

தனித்தொகுதியே சரியான மருந்து என்று இன்று நம்மில் பலர் சொல்லமாட்டார்கள். பேகம் ஐஜாஸ் ரஸூலின் அச்சத்தில் நியாயம் இருந்ததை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் இஸ்மாயில் சாகிப் சுட்டிய நோய் கற்பனையன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் முஸ்லிம்கள் 14.2 விழுக்காடு. 2024 தேர்தலில் 543 உறுப்பினர் கொண்ட மக்களவைக்குத் தேர்வான முஸ்லிம்கள் 24 பேர். 5 விழுக்காட்டுக்கும் குறைவு. மருந்து எது என்பதில் கருத்து வேறுபடலாம். நோயைச் சுட்டியவர் அதற்காகப் பெற்ற வசைச்சொல் நியாயமானதன்று.

மொழி விவாதத்தில்

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தது. அதில் அவர் தமிழைப் பற்றிப் பேசியது நம் மேடைகளில் மிகுதியும் புகழப்படுகிறது. சில வேளைகளில் மிகைப்படுத்தியும் சொல்லப்படுகிறது. அவரது வாதத்தின் அமைப்பு நுட்பமானது. பழமையை அளவுகோலாகக் கொண்டு ஒரு மொழியைத் தேர்வதாயின், இம்மண்ணில் தொன்றுதொட்டு வழங்கும் திராவிட மொழிகளையும், அவற்றுள் மூத்ததும் வளமார்ந்த இலக்கியம் உடையதுமான தமிழையும் புறக்கணிக்க முடியாது என்று அவர் எடுத்துரைத்தார். தமிழ் தம் தாய்மொழி என்பதையும், அதில் தாம் பெருமை கொள்வதையும் அவையறியச் சொன்னார். எதிர்தரப்பு எடுத்த அளவுகோலையே கையில் வாங்கி அளந்து காட்டும் முறை இது.

அந்த மாதம் 14-ஆம் நாள் தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தி ஆட்சிமொழியாக ஏற்கப்பட்டது. ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்று முடிவாயிற்று. அந்தக் கெடு முடியும் வேளையில், 1965-இல் தமிழகம் எப்படிக் கொந்தளித்தது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவார்கள். முஸ்லிம்களுக்காக மட்டுமே பேசியவர் என்று அவரைச் சுருக்குவோருக்கு இந்த உரை தக்க விடையாகும்.

தோல்விக்குப் பின் நடந்தவை

அரசியல் சட்ட வரைவுக்கு 7,635 திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் 2,473 சபையில் முன்மொழியப்பட்டு விவாதிக்கப்பட்டன. அவற்றுள் தோற்றவை மிகப் பல. ஆயினும் ஒவ்வொன்றும் அச்சேறிப் பாதுகாக்கப்பட்டது. ஒரு விதியின் உட்கருத்தில் ஐயம் எழும்போது நீதிமன்றங்களும் அந்தத் தொகுதிகளைப் புரட்டுகின்றன.

இஸ்மாயில் சாகிப் பின்னர் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையிலும், மஞ்சேரித் தொகுதியிலிருந்து 1962, 1967, 1971 தேர்தல்களில் வென்று மக்களவையிலும் பணியாற்றினார். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் உள்ள மலையாள மக்கள், திருநெல்வேலித் தமிழர் ஒருவரை மூன்று முறை தில்லிக்கு அனுப்பினர். உறுப்பினராக இருந்த நிலையிலேயே 1972 ஏப்ரலில் அவர் மறைந்தார். சென்னைத் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்.

அவர் மக்களவைக்குச் சென்ற 1962-ஆம் ஆண்டில்தான் 13-ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. நாகர்களின் சமய, சமூக வழக்கங்கள், அவர்களது மரபுச் சட்டம் ஆகியவை குறித்து நாடாளுமன்றம் இயற்றும் சட்டம், நாகாலாந்துச் சட்டமன்றம் ஏற்றுத் தீர்மானித்தாலன்றி அங்கே பொருந்தாது என்று அது கூறுகிறது. 1986-இல் மிசோரத்துக்கும் இத்தகைய காப்பு அளிக்கப்பட்டது. ஒரு சமுதாயத்தின் மரபுச் சட்டத்தை அதன் இசைவின்றி மாற்றலாகாது என்ற நெறி, 1948-இல் தோற்ற திருத்தத்தின் உயிர்நாடி. நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு ஊறு என்று அன்று கருதப்பட்ட அந்நெறி, ஒருமைப்பாட்டைக் காக்கும் வழியாகவே பின்னர் அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது.

44-ஆம் விதி பற்றிய விவாதம் 1985-இல் ஷா பானு வழக்கில் மீண்டும் எழுந்தது. 2018 ஆகஸ்டில் 21-ஆவது சட்ட ஆணையம், பொது சிவில் சட்டம் அந்தக் கட்டத்தில் தேவையானதும் அன்று, விரும்பத்தக்கதும் அன்று என்று தன் ஆலோசனை அறிக்கையில் கூறியது. 2023 ஜூனில் 22-ஆவது ஆணையம் மீண்டும் மக்கள் கருத்தைக் கேட்டது. 2024-இல் உத்தராகண்ட் மாநிலம் சட்டம் இயற்றி, 2025 ஜனவரி 27 முதல் நடைமுறைப்படுத்தியது. அச்சட்டத்திலும் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. ‘விருப்பமுள்ளோருக்கு மட்டும்’ என்று அம்பேத்கர் சுட்டிய வழி அங்கே மேற்கொள்ளப்படவில்லை. இந்த வேறுபாட்டை இன்று ஒருவர் எடுத்துக்காட்ட முடிகிறதென்றால், 1948-இல் ஒருவர் எழுந்து திருத்தம் கொடுத்ததே காரணம்.

நாம் கற்க வேண்டியது

அவரது நடைமுறையில் நாம் காண்பன சில. கோரிக்கையை முழக்கமாக வைக்காமல், எழுதிய திருத்தமாக, முறைப்படி அறிவித்து வைத்தார். பிற நாடுகளின் சான்றுகளைப் படித்து வந்தார். கடுஞ்சொல்லுக்குக் கடுஞ்சொல் தராமல் வாதத்துக்கு வாதம் தந்தார். தோல்வி உறுதி என்று தெரிந்தும் அவையை விட்டு நீங்கவில்லை.

சட்ட ஆணையம் கருத்துக் கேட்கும்போது ஆயிரம் பேர் ஒரே அச்சடித்த தாளில் கையொப்பமிட்டு அனுப்புவதைக் காட்டிலும், பத்துப் பேர் விவாதங்களைப் படித்துக் காரணத்தோடு எழுதுவது பயன்தரும். அரசியல் நிர்ணய சபையின் விவாதங்கள் இன்று இணையத்தில் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. சட்டம் பயிலும் நம் பிள்ளைகள், பெண்மக்கள் உட்பட, அவற்றை மூலத்திலேயே படிக்க வேண்டும். நிகாஹ் பதிவேடும் தீர்மானப் புத்தகமும் ஒவ்வொரு ஜமாஅத்திலும் பிழையின்றி எழுதப்பட வேண்டும்; கூட்டத்தில் மாறுபட்டு உரைத்தவரின் கருத்தும் அதில் இடம்பெற வேண்டும். ஷரீஅத் வகுத்த பங்கு நம் பெண்மக்களின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். இவற்றைச் செய்தபின் தனியார் சட்டத்தைக் காக்கக் குரல் எழுப்பினால், அக்குரலுக்கு மறுப்புச் சொல்வது எளிதாயிராது.

எல்லாம் வல்ல அல்லாஹ் அப்பெருமகனாரின் சேவைகளை ஏற்றுக்கொள்வானாக! அறிவோடும் கண்ணியத்தோடும் உரிமை பேசும் தகுதியை நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.